கெய்ரோவில் அரபி படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நிஸ்வான் மதரஸாவில் (பெண்களுக்கான மார்க்கக் கல்விக்கூடம்) ஆலிமா என்கிற மார்க்கப் படிப்பையும் கூடவே பிளஸ் டூவையும் முடித்துவிட்டு கெய்ரோ போனவள் நான். முதலில் அல்அஸ்ஹர் என்கிற இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் ஷேக் ஸாயித் மொழி மையம், பிறகு கெய்ரோவின் நஸ்ர் சிட்டி பகுதியில் உள்ள பெண்களுக்கான இஸ்லாமிய, அரபிக் கல்லூரி. ஊர் திரும்பியதிலிருந்து, மகளை அனுப்ப யோசிக்கும் பெற்றோரும் கிளம்பத் துடிக்கும் பிள்ளைகளும் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான். அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

ஏன் கெய்ரோ? ஜோர்டான், சவூதி எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. சிரியாவும் யமனும் ஒரு காலத்தில் அரபி மாணவர்களுக்குப் பிடித்த இடங்கள்; 2011க்குப் பிறகு அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஜோர்டானில் படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் அந்த ஊர் தினாரை டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு தினாருக்கு ஏறத்தாழ 1.41 டாலர். நடுத்தரக் குடும்பத்துக்கு அம்மான் கட்டுப்படியாகாது. சவூதியில் இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு கிடைக்கும், கிடைப்பதுதான் கஷ்டம்.

கெய்ரோவுக்கு இன்னொரு பலம் உண்டு. எகிப்தியப் படங்களும் தொடர்களும் பல தலைமுறையாக எல்லா அரபு வீடுகளிலும் ஓடுவதால், அந்தப் பேச்சு மொராக்கோவிலிருந்து ஓமன் வரை புரியும். அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரியுமா என்பது வேறு விஷயம்.

மதரஸாவில் ஐந்து வருஷம் அரபி படித்தாயிற்று. அங்கே போய் மறுபடியும் முதலிலிருந்தா?

முதலிலிருந்து இல்லை. நடுவிலிருந்து, ஆனால் வேறு பக்கமாக.

நம் மதரஸாக்களில் இலக்கணத்தில் ஆளை உருட்டி எடுத்துவிடுவார்கள். ஒரு சொல்லின் கடைசியில் ஏன் ‘உ’ வருகிறது, ஏன் ‘அ’ வருகிறது என்று எகிப்தியப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளே சட்டென்று சொல்வார்கள். மொழி மையத்தின் நுழைவுத் தேர்விலும் எழுத்துப் பகுதியில் நல்ல மதிப்பெண் வந்துவிடும். கேட்பதிலும் பேசுவதிலும்தான் அடி விழும். வாயைத் திறந்து ஒரு கிலோ தக்காளி கேட்ட பழக்கம் நமக்கு இல்லையே.

தக்காளி கேட்டாலும் பிரச்சினைதான். கிதாபில் படித்த ஃபுஸ்ஹாவில், அதாவது இலக்கண அரபியில், “அய்யுஹல் அஃக் (சகோதரரே), நான் தக்காளி வாங்க விரும்புகிறேன்” என்கிற தோரணையில் கேட்டால், காய்கறிக்காரர் மரியாதையோடு அதே தோரணையில், டி.வி.யில் வரும் சரித்திரத் தொடர் மாதிரி பதில் சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். கேலி இல்லை, பிரியமான சிரிப்புதான். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் புதிதாகக் கிடைக்காது.

ஊர்ப் பேச்சான ஆம்மிய்யாவில் ‘ஜீம்’ எழுத்து ‘க’ ஆகிவிடும் (‘கங்கை’ என்பதில் நடுவில் வருகிறதே, அந்த ஒலி). ‘காஃப்’ தொண்டைக்குள்ளேயே செத்துப்போகும். கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். விமான நிலைய டாக்சிக்காரர் முதல் வீட்டுக்காரி வரை இதைத்தான் பேசுவார்கள். வகுப்பில் டாக்டரா (பேராசிரியைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஃபுஸ்ஹாவில் தொடங்குவார். ஏதாவது உதாரணம் சொல்லவோ யாரையாவது அதட்டவோ வேண்டியிருந்தால் ஆம்மிய்யாவுக்கு இறங்கிவிடுவார். முக்கியமான விளக்கமெல்லாம் அந்த உதாரணத்தில்தான் இருக்கும். தேர்வு மட்டும் சுத்தமான ஃபுஸ்ஹாவில் எழுத வேண்டும். ஆகவே இரண்டும் வேண்டும். “ஆம்மிய்யா படித்தால் ஃபுஸ்ஹா கெட்டுவிடும்” என்று சில உஸ்தாதுகள் (ஆசிரியர்கள்) பயமுறுத்துவார்கள். எனக்குத் தெரிந்து அப்படிக் கெட்டுப்போனவர் யாரும் இல்லை.

கையெழுத்தைப் பற்றியும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நாம் அச்சில் பார்த்துப் பழகியது நஸ்ஃக் எழுத்து. எகிப்தியர்கள் கரும்பலகையிலும் நோட்டிலும் எழுதுவது ருக்ஆ. இரண்டு புள்ளியை ஒரு கோடாக இழுத்துவிடுவார்கள், மூன்று புள்ளி ஒரு கூரை மாதிரி ஆகிவிடும், ‘சீன்’ எழுத்தின் பற்கள் மழுங்கி வெறும் கோடாகிவிடும். தோழியின் நோட்டை இரவல் வாங்கி ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர். ஊரில் இருக்கும்போதே ஒரு ருக்ஆ பயிற்சி நோட்டு வாங்கி எழுதிப் பழகுங்கள்.

எந்தக் கல்லூரி, எந்த மையம் நல்லது?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். நான் பதிலுக்கு, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்பேன். அரபி வருவதும் வராததும் பெரும்பாலும் அதில்தான் தீர்மானமாகிறது. மையங்களுக்குள் வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனால் வகுப்பு ஒரு நாளில் நாலு மணி நேரம். மீதி இருபது மணி நேரம் வீடு.

சரி, எங்கே தங்குவது?

வெளிநாட்டு மாணவர்களை அங்கே ‘வாஃபிதீன்’ என்பார்கள். வாஃபிதீனில் பெரும்பாலோர் நஸ்ர் சிட்டியில், ஏழாவது வட்டாரம், பத்தாவது வட்டாரம் என்று எண்ணால் அழைக்கப்படும் பகுதிகளில் இருப்பார்கள். மலேசிய உணவகம், இந்தோனேசிய மளிகை, நைஜீரியத் தையற்கடை எல்லாம் உண்டு. கல்லூரி பக்கம். வாடகையைப் பங்கு போட ஆள் கிடைக்கும். போன புதிதில் அங்கேதான் இருக்க வேண்டியிருக்கும், தப்பில்லை. நானும் அங்கே கேரளப் பெண்களோடும் உத்தரப் பிரதேசப் பெண்களோடும் ஒரே ஃபிளாட்டில்தான் இருந்தேன். சமையலறையில் மலையாளமும் உருதும். கூடத்தில் ஆங்கிலம். அரபி, வாசலுக்கு வெளியே. அந்த வீட்டில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட மொழி உருது.

மொழி மையம் முடிந்ததும் ஒரு உஸ்பெக் தோழியோடு அப்பாசியாவில், எகிப்தியக் குடும்பங்கள் மட்டுமே இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மாறினேன். லிஃப்ட் எப்போதும் ரிப்பேர். அங்கே பெண்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவார்கள். காசை உள்ளே போட்டு, கீழே மளிகைக்கடைப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கத்தினால் சாமான் மேலே வரும். பார்க்கச் சுலபம்தான். ஆனால் தெருச் சத்தத்துக்கு மேலே, மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி, ஒரே மூச்சில், தப்பில்லாமல் சொல்ல வேண்டும். அரைக் கிலோ சர்க்கரை கேட்டு உப்பு வந்தால் கூடையைத் திரும்ப இறக்கி மறுபடியும் கத்த வேண்டும். எதிர்வீட்டு அம்மா (வயதில் மூத்த பெண்களை ‘தான்த்’ என்று கூப்பிட வேண்டும்) தன் பால்கனியிலிருந்தே என் வாக்கியத்தைத் திருத்தி, அதையும் உரக்கச் சொல்வார். அவ்வளவு கூச்சப்பட வைத்த வகுப்பும் இல்லை, அவ்வளவு கற்றுக்கொடுத்த வகுப்பும் இல்லை.

வீடு பிடிக்கும் முறை: ‘சிம்சார்’ என்கிற தரகர் வழியாகத்தான். அவருக்குத் தரகு, வீட்டுக்காரருக்கு முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் ஒரே நாளில் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் வாடகையை ஏற்றிச் சொல்வது வழக்கம், பேரம் பேசலாம். வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். இகாமா என்கிற தங்கும் அனுமதிக்கும் அது தேவைப்படும். கட்டடத்தின் காவலாளியான ‘பவ்வாப்’ உங்கள் வாழ்க்கையில் முக்கியமான மனிதர். மாதாமாதம் அவருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, பார்க்கும்போதெல்லாம் சலாம் சொல்லி வையுங்கள். தண்ணீர் நின்றால், கேஸ் கணக்கெடுக்க ஆள் வந்தால், ஊரிலிருந்து பார்சல் வந்தால், எல்லாவற்றுக்கும் அவர்தான்.

விடுதி உண்டு, ஆனால் உதவித்தொகை மாணவர்களுக்கே முன்னுரிமை. சொந்தச் செலவில் போகிறவர்கள் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மாதம் எவ்வளவு ஆகும்?

ஒரு தொகை சொன்னால் அடுத்த வருஷம் என்னைத் திட்டுவீர்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 16 எகிப்தியப் பவுண்டுக்கும் குறைவு. 2024 மார்ச்சில் மத்திய வங்கி பவுண்டை அவிழ்த்துவிட்டபோது அது 50ஐ ஒட்டிப் போனது. வீட்டிலிருந்து பணம் வருகிற நாங்கள் கொழுத்திருப்போம் என்று ஊரில் நினைத்தார்கள். விலைவாசியும் சும்மா இருக்கவில்லை, 2023 செப்டம்பரில் பணவீக்கம் 38 சதவீதத்தைத் தொட்டது. அதே வருஷம் ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கி, அங்கிருந்து பல லட்சம் பேர் எகிப்துக்கு வந்தார்கள். கெய்ரோவில் வாடகை எகிறியது. வந்தவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. என் வகுப்பிலேயே கார்ட்டூமிலிருந்து ஓடிவந்த பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் அதே வாடகைதான்.

செய்ய வேண்டியது: செலவை டாலரில் கணக்குப் போடுங்கள், பவுண்டில் போடாதீர்கள். மொத்தப் பணத்தையும் வந்த அன்றே மாற்றாதீர்கள். மாற்றுவதை வங்கியில் மாற்றுங்கள். தெருவில் கூடுதலாகத் தருகிறேன் என்பவரிடம் போவது சட்டப்படி குற்றம்.

சான்றிதழ், விசா வேலைகள்?

பிறப்புச் சான்று, பிளஸ் டூ, மதரஸா சான்று மூன்றுக்கும் மாநில அளவில் அட்டஸ்டேஷன் (அசல்தான் என்கிற அரசுச் சான்றொப்பம்), பிறகு தில்லியில் வெளியுறவு அமைச்சகம், பிறகு எகிப்துத் தூதரகம். இந்த வரிசை மாறக்கூடாது. பல நாடுகளுக்குப் பொதுவான அப்போஸ்டில் என்கிற சான்று முத்திரை மட்டும் போதாது. உங்கள் மதரஸாவின் பட்டத்தை அல்அஸ்ஹர் சமமாக ஏற்றிருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். இதற்கு ‘முஆதலா’ என்று பெயர், இது இல்லையென்றால் பாதையே வேறு. எல்லாவற்றிலும் பத்து நகல், வெள்ளைப் பின்னணியில் இருபது போட்டோ.

அங்கே போனபின் இகாமாவுக்கு அலைய வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் அனுப்புவார்கள், “புக்ரா” என்பார்கள், அதாவது நாளைக்கு. அந்த நாளைக்கு நம்மூர் அரசு அலுவலகத்து நாளைக்கேதான். நம்மவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி தேவையில்லை.

அல்அஸ்ஹரில் வகுப்பு எப்படி நடக்கும்?

972இல் தொழுகை தொடங்கிய பள்ளிவாசல் அது. பாத்திமி வம்சத்து ஆட்சியாளர்கள் கட்டியது. நம் பெற்றோர் மனதில் இருப்பது தூணோரம் உட்கார்ந்து உஸ்தாதிடம் ஓதும் காட்சி. 1961இல் வந்த சட்டத்தோடு அது மருத்துவம், பொறியியல் எல்லாம் உள்ள பெரிய பல்கலைக்கழகமாக மாறிவிட்டது. பெண்கள் பிரிவும் அப்போது வந்ததுதான். இன்று நீங்கள் உட்காரப் போவது மைக் வைத்த பெரிய மண்டபத்தில். பின் வரிசைக்கு ஒன்றும் கேட்காது. சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிதாப், பல நேரம் அந்தப் பேராசிரியரே எழுதியது. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடைகளில் ‘மல்ஸமா’ என்று சுருக்க நோட்டு விற்பார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் அங்கே கூட்டம் நெரியும். மல்ஸமாவை மட்டும் படித்தாலே தேறிவிடலாம், ‘மக்பூல்’ கிடைக்கும். அது கடைசித் தேர்ச்சி நிலை. மேலே போனால் ஜய்யித், ஜய்யித் ஜித்தன், மும்தாஸ். மேற்படிப்புக்கு இந்த நிலையைப் பார்ப்பார்கள், ஆகவே மக்பூலோடு திருப்திப்படுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். குர்ஆன் மனனத்துக்கு எழுத்தோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. அதில் இடைவெளி விடாமல் தினமும் ஓதி வைத்திருப்பவருக்குத்தான் தப்பிக்க வழி.

தூணோரக் காட்சி முழுக்கப் பொய்யும் இல்லை. பழைய பள்ளிவாசலில், ரிவாக் எனப்படும் முற்றத்தோரக் கூடங்களில், இப்போதும் பாடம் நடக்கிறது. துருக்கியர், மக்ரிபிகள் (மொராக்கோ பக்கத்து வட ஆப்பிரிக்கர்கள்) என்று அந்தந்த நாட்டு மாணவர்கள் தங்கிப் படித்ததால் அந்தப் பெயரோடே சில ரிவாக்குகள் நிற்கின்றன. பட்டம் இல்லை, கட்டணமும் இல்லை. பெண்களுக்கும் இடம் உண்டு. நம் மதரஸாவில் ஓதிய மாதிரி மத்ன் எனப்படும் மூலவாசகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போவார்கள். எனக்குக் கல்லூரியைவிட இது பிடித்தது.

மருத்துவம் படிக்கலாமா?

படிக்கிறார்கள், ஆனால் அது முற்றிலும் வேறு கணக்கு. திரும்பி வந்து இந்தியாவில் மருத்துவராக வேண்டும் என்றால் நீட் தேறியிருக்க வேண்டும். 2021 விதிமுறைப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழி, அதே இடத்தில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி எல்லாம் இருக்க வேண்டும். இதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள், ஏஜென்ட் வாயை நம்பாதீர்கள்.

முஸ்லிம் அல்லாதவர்கள் படிக்க முடியுமா?

அல்அஸ்ஹர் பல்கலைக்கழகம் முஸ்லிம்களுக்கு மட்டும். கெய்ரோ பல்கலைக்கழகம், ஐன் ஷம்ஸ், அமெரிக்கப் பல்கலைக்கழகம், தனியார் மொழி மையங்கள் எல்லாவற்றிலும் யாரும் அரபி படிக்கலாம். மொழியியல் ஆர்வத்தில் வருகிற தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் வரவேண்டும் என்பது என் ஆசை.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

என் அத்தாவும் (அப்பா) இதைத்தான் கேட்டார், வேறு ஆட்களிடம். மழுப்பாமல் சொல்கிறேன். திருட்டு, அடிதடி பயம் கெய்ரோவில் குறைவு. இரவு பதினோரு மணிக்குத் தெருவில் குடும்பங்கள் குழந்தைகளோடு நடக்கும். ஆனால் தெருவில் சீண்டல் உண்டு. பேச்சாக வரும், சில நேரம் கையாகவும் வரும். பர்தா போட்டால் வராது என்பதெல்லாம் சும்மா. 2014இல் அது தண்டனைக்குரிய குற்றமானது, 2021இல் தண்டனையைக் கூட்டினார்கள். உரக்கச் சத்தம் போட்டால் சுற்றியிருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், சேர்ந்துகொள்வார்கள். சத்தம் போட வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரமே எகிப்தியத் தோழியிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மெட்ரோவில் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு, அதில் ஏறுங்கள். பாதுகாப்புக்கு மட்டும் சொல்லவில்லை. ஹேர்பின், சாக்ஸ், பாத்திரம் தேய்க்கும் கம்பி விற்கிற பெண்கள் ஏறி, ஒரே ராகத்தில் விலை சொல்லிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் எந்த ஊர், கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகவில்லை என்று தொடங்குவார். இறங்கும் இடம் வருவதற்குள் அவர் மருமகள் கதை முழுக்கக் கேட்டிருப்பீர்கள்.

மைக்ரோபஸ்ஸில் போகும்போது முன்னால் உட்காராதீர்கள். பின்னாலிருந்து எல்லார் காசும் கைமாறி முன்னே வரும், கணக்குப் பார்த்துச் சில்லறை பிரித்துத் திருப்பி அனுப்பும் வேலை உங்கள் தலையில் விழும். மொழி நன்றாக வந்தபின் வேண்டுமானால் உட்காரலாம்.

இந்தியர் என்றால் எப்படி நடத்துவார்கள்?

முதல் கேள்வி அமிதாப் பச்சனைப் பற்றி. இரண்டாவதும் அவரைப் பற்றியாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய டாக்சிக்காரர் அவர் படக் கதையை உங்களுக்கே சொல்வார். கூடவே, ஏமாளியா என்று கேட்க “என்னை ஹிந்தி என்று நினைத்தாயா?” என்கிற வழக்கும் அங்கே உண்டு. அதை நம் முன்னாலேயே சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு டீ வாங்கித் தருவார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. கறுப்பாக இருக்கும் ஆப்பிரிக்கத் தோழிகள் தெருவில் கேட்ட பேச்சு இதைவிட மோசம், அதைச் சிரித்துக் கடக்க முடியாது.

சாப்பாடு?

பட்டினி இருக்க மாட்டீர்கள். காலையில் ஃபூல் என்கிற அவித்த மொச்சை, தஅமிய்யா வடை, சுடச்சுட ஐஷ் ரொட்டி. மதியம் கொஷரி: சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், மேலே தக்காளியும் பூண்டு வினிகரும். காரம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எகிப்திய அரிசி குட்டையாக, குழைவாக இருக்கும், சேமியா வறுத்துப் போட்டு ஆக்குவார்கள். நம் குழம்புக்கு அது பொருந்தாது, தயிருக்குப் பொருந்தும். புளி மட்டும் தாராளம். ரமளானில் ‘தமர் ஹிந்தி’ என்று அதைச் சர்பத்தாகவே குடிப்பார்கள், அத்தார் என்கிற மசாலா, மூலிகைக் கடையில் கட்டியாகவும் கிடைக்கும். துவரம் பருப்பும் தேங்காயும் தேட வேண்டியிருக்கும். கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள்.

ரமளானில் சமைக்கவே வேண்டாம் என்று சொல்லலாம். தெருவை மறித்து மேசை போட்டு யார் வந்தாலும் இஃப்தார் தருவார்கள். மஃக்ரிப் எனும் அந்தித் தொழுகைக்குச் சற்று முன் பஸ்ஸில் சிக்கினால், சிக்னலில் இளைஞர்கள் ஜன்னல் வழியாகப் பேரீச்சம்பழமும் ஜூஸும் நீட்டுவார்கள். எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியிலிருந்தும் தட்டு வரும். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்பதால் நாங்கள் பாயசம் ஊற்றி அனுப்பினோம். அது சூப்பா, இனிப்பா என்று மூன்றாம் மாடியில் ஒரு விவாதமே நடந்தது.

திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா?

மதரஸாக்களிலும் கல்லூரிகளிலும் கற்பிக்கலாம், சம்பளம் பெரிதாக இருக்காது. வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்கினால்தான் இங்கே அரசுக் கல்லூரி வாசலை மிதிக்க முடியும். இறுதிச் சான்றிதழை எகிப்து வெளியுறவு அமைச்சகத்திலும் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலும் முத்திரை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். இங்கிருந்து அதைச் செய்வது பெரும்பாடு.

சென்னையின் பெரிய மருத்துவமனைகளுக்கு ஓமன், ஈராக், யமன், சூடானிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள், அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நான் இப்போது செய்வது அந்த வேலைதான். ஈராக்கியப் பாட்டி எங்கே வலிக்கிறது என்று சொல்வதை டாக்டருக்குச் சொல்ல, ஐந்து வருஷ இலக்கணத்தைவிட அப்பாசியா பால்கனிதான் உதவுகிறது. ஈராக்கிப் பேச்சு வேறுதான், ஆனால் நான் எகிப்தியில் கேட்டால் பாட்டிக்குப் புரிகிறது. டி.வி.யின் புண்ணியம்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஸ்வெட்டர், கெட்டியான சாக்ஸ். எகிப்து என்றால் வெயில் என்று நினைத்துப் போவார்கள். ஜனவரி இரவில் பத்து டிகிரிக்குப் போகும், தரை எல்லாம் டைல்ஸ், வீட்டில் ஹீட்டர் இருக்காது. வசந்தத்தில் ‘ஃகமாஸீன்’ என்று மணல் காற்று அடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தும் மாஸ்க்கும் கையோடு வைத்திருங்கள். சாம்பார்ப் பொடி, கொஞ்சம் துவரம் பருப்பு, காய்ந்த கறிவேப்பிலை. பிரஷர் குக்கர் ஒன்று, அதற்கு உபரியாக இரண்டு கேஸ்கட்.